கரைவதும் குறைவதும்

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மூவாயிரம் அடிக்கு மேல் ஏறினால் சாமையும் ராகியும் விளையும் மேட்டுக்காடுகள், சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள், அந்த மரங்களையே பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். பெரியூர், சின்னங்காடு, பால்சிலம்பு என்று சிதறிக் கிடக்கும் ஊர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் சேர்வராயன், கொல்லி, கல்வராயன், சித்தேரி மலைகளெங்கும் வழங்கும் பெயர் அது.

கீழேயிருந்து மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: மலை என்றால் மருந்து. கொல்லிமலைக்குப் போனால் மூட்டுவலிக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் திரும்புவதில்லை. காபித்தூளும் மிளகும் வாங்கிய கையோடு, “கொலஸ்ட்ராலுக்கு எதாச்சும் மூலிகை இருக்குதுங்களா?” என்று கேட்பதும் அந்த நம்பிக்கையில்தான். அந்தக் கேள்வியை நான் அற்பமாக நினைக்கவில்லை. நாடு முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானபோது, வயது வந்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. நான்கு பேரில் ஒருவர். அவர்களில் பலர் கையில் ஒரு மாத்திரைச் சீட்டும் மனத்தில் ஒரு மூலிகையுமாக நிற்கிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும். தமிழில் நாம் கொலஸ்ட்ராலைக் குறைப்பதில்லை, கரைக்கிறோம். கொழுப்பைக் கரைக்கும் கஷாயம், கொழுப்பைக் கரைக்கும் வெந்நீர், கொழுப்பைக் கரைக்கும் எலுமிச்சைச் சாறு. நம் கண்முன் இருக்கும் படம் அடுப்படியில் பார்த்தது: உறைந்த நெய் சூட்டில் இளகுகிறது, எண்ணெய்ப் பிசுக்கு புளியில் விடுகிறது. ரத்தக்குழாயும் அப்படிப்பட்ட பாத்திரம் என்று எண்ணிவிட்டால் புளிப்பும் காரமும் சூடும் கொண்டது எல்லாமே மருந்தாகத் தோன்றும். உண்மையில் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் உறைந்து கிடக்கும் கட்டி அல்ல. உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலின் பெரும்பங்கை உடலே தயாரிக்கிறது. அதை எல்.டி.எல். என்னும் சிறு துகள்கள் சுமந்து செல்கின்றன. ரத்தத்திலிருந்து அவற்றை இழுத்து எடுக்க ஈரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. ஏற்பிகள் குறைந்தால் துகள்கள் ரத்தத்தில் தங்கி, பல ஆண்டுகளில் குழாய்ச் சுவருக்குள் புகுந்து படிகின்றன. இதைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வேலை நடக்க வேண்டிய இடம் ஈரல். வயிற்றில் ஊற்றும் வெந்நீருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியும் இங்கேதான் தடம் மாறிப் போகிறது. அது உடல் பருமனைப் பற்றிய பேச்சு. மெலிந்த உடலோடு தினமும் மலையேறி இறங்குகிறவருக்கும் எல்.டி.எல். உயர்ந்திருக்கலாம், பரம்பரையாக வருவதும் உண்டு. சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகளில் நான்காவது கொழுப்பு. அது தசைக்கும் எலும்புக்கும் இடையில் வைத்து எண்ணப்படும் ஒரு தாது. ஆய்வகச் சீட்டில் வரும் எண் அல்ல. கொலஸ்ட்ரால் என்ற பொருளைப் பித்தக்கற்களிலிருந்து பிரித்தவர்கள் ஐரோப்பிய வேதியியலாளர்கள். அதற்குப் பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். உயர்ந்த எல்.டி.எல்.லுக்கு வலியில்லை, வீக்கமில்லை, நாடியில் அடையாளமும் இல்லை. இல்லாத அளவுகோலுக்குப் பழைய சுவடி மருந்து சொல்லியிருக்க முடியாது. இது சுவடியின் குறையல்ல. சுவடியில் இருப்பதாகச் சொல்லி இன்று புட்டியில் அடைத்து விற்பவர்களின் குறை.

மாத்திரையின் பக்கம் வந்தால் அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மருந்துகள் பிறந்தது பூஞ்சையில். ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 1971-ல் ஒரு தேடலைத் தொடங்கினார். கொலஸ்ட்ரால் தயாரிப்பில் முக்கியப் படியைச் செய்யும் நொதியைத் தடுக்கும் பொருள் ஏதேனும் பூஞ்சையில் இருக்குமா என்று ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளைச் சோதித்தார். 1973-ல், அரிசியில் வளர்ந்த ஒரு பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் ஆனது. இன்று எழுதித்தரும் அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் ஆய்வகத்தில் செய்யப்படுபவை. ஆனாலும் வழி காட்டியது பூஞ்சை. ஆகவே இயற்கை, செயற்கை என்று கோடு கிழித்துக்கொண்டு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எண்ணைக் குறைத்தால் உயிர் மிஞ்சுமா என்பதே உண்மையான கேள்வி. அதற்கு, ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வு விடை சொன்னது. ஏற்கெனவே இதயநோய் இருந்த 4,444 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்குச் சிம்வாஸ்டாட்டின், பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளில் வெறும் மாத்திரை உண்ட 2,223 பேரில் 256 பேர் இறந்தார்கள். மருந்து உண்ட 2,221 பேரில் 182 பேர். அதன் பிறகு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எல்.டி.எல். ஏறத்தாழ 40 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய சம்பவங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதாகக் கணக்கிட்டார்கள். நம் மூலிகை எதற்கும் இப்படி உயிரையும் சாவையும் எண்ணிய கணக்கு இல்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்தக் கணக்கை நோக்கி நேர்மையாக நடந்த ஒரு முயற்சி நம் நாட்டில் உண்டு. குக்குலு என்பது குஜராத், ராஜஸ்தான் வறண்ட நிலங்களில் வளரும் முள்மரம் ஒன்றின் பிசின். சுசுருத சங்கிதையில் மேதோரோகம் என்ற நோயின் விவரிப்பைப் படித்த ஜி.வி. சத்தியவதி, இன்றைய மருத்துவம் ரத்தக்குழாய்த் தடிப்பு என்று சொல்வதன் சாயலை அதில் கண்டார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொழுப்பு ஏற்றி, குக்குலு கொடுத்துச் சோதித்து, 1966-ல் தம் ஆய்வேட்டை முடித்தார். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து குகுலிப்பிட் என்ற மருந்தை உருவாக்கியது. மனிதர்களிடமும் கொலஸ்ட்ரால் குறைந்ததாக இந்திய ஆய்வுகள் சொல்ல, 1980-களின் பிற்பகுதியில் அது கடைக்கு வந்தது. சத்தியவதி பின்னாளில் ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் தலைமை இயக்குநரானார். பழைய நூலை வணங்கி மூடிவைக்காமல், அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துச் சோதனைச்சாலைக்குக் கொண்டு போனவர் அவர். நம் மருத்துவ வரலாற்றில் நான் மிக மதிக்கும் செயல்களில் அது ஒன்று.

பிறகு 2003-ல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வு வந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களுக்கு எல்.டி.எல். 5 சதவீதம் இறங்கியது. குகுலிப்பிட் உண்டவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியது. ஆறு பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது. நம் உணவு வேறு, அவர்கள் உணவு வேறு என்று வாதிடலாம். அதற்கு இடம் உண்டு. ஆனாலும் அதை வென்று காட்டும் அளவில் பெரிய ஆய்வு ஒன்றை இங்கே யாரும் செய்யவில்லை. இதற்கிடையே பிசினுக்காகக் கீறிக் கீறி அந்த மரமே அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது.

வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் 5 சதவீதம் இறங்கியதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் “பூண்டு சாப்பிட்டேன், கொலஸ்ட்ரால் இறங்கிடுச்சு” என்று சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. சீட்டில் எண்ணைப் பார்த்துப் பயந்த அன்றைக்கே போண்டாவை நிறுத்தியிருப்பார், காலையில் நடக்கத் தொடங்கியிருப்பார். அதுவும் போக, ஒருமுறை வழக்கத்தைவிட ஏறி நின்ற எண் அடுத்த முறை தானாகவே சற்று இறங்கி வரும். இவ்வளவும் சேர்ந்து இறங்கியதன் பெருமை பூண்டுக்குப் போகிறது. பூண்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, பூண்டே இல்லாத ஒரு கூட்டம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அப்படி ஒரு கூட்டத்தை வைத்து ஸ்டான்போர்டில் செய்தார்கள். 192 பேர், ஆறு மாதம், வாரத்தில் ஆறு நாள். பச்சைப் பூண்டு ஒரு குழுவுக்கு, இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகள் இரு குழுக்களுக்கு, வெறும் மாத்திரை இன்னொரு குழுவுக்கு. 2007-ல் முடிவு வந்தது: எல்.டி.எல்.லில் வேறுபாடு இல்லை. 2022-ல் அமெரிக்காவில் மற்றொன்று. ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் என்ற மிகச்சிறிய அளவை மீனெண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றோடும் வெறும் மாத்திரையோடும் 28 நாள் ஒப்பிட்டார்கள். மருந்து எல்.டி.எல்.லை 38 சதவீதம் அளவுக்கு இறக்கியது. மற்ற ஆறில் எதுவும் வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. 190 பேர், நான்கே வாரம், மருந்து நிறுவனம் ஒன்றின் பணம் என்று அந்த ஆய்வைக் குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறைகள் உண்மை. ஆனால் 38-க்கும் சுழியத்துக்கும் உள்ள தூரத்தை அவை மூடிவிடாது.

மஞ்சளும் பூண்டும் குழம்பில் இருக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. வெந்தயத்தின் கதை கொஞ்சம் வேறு. அதில் கொழகொழப்பான நார் நிறைய. அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்ற, ஈரல் புதிய பித்தம் செய்ய ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மா செய்த ஆய்வுகளில் கொலஸ்ட்ரால் இறங்கியது. ஆனால் அங்கே கொடுத்த வெந்தயம் நாளுக்கு 100 கிராம் வரை. இரவில் ஊறவைக்கும் ஒரு தேக்கரண்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கொள்ளுக்கு இருக்கும் சான்று பெரும்பாலும் எலிகளோடு நின்றுவிடுகிறது.

எனக்கு நப்பாசை உள்ளது மருதம்பட்டையில். ஆற்றங்கரையில் வளர்ந்து ஒரு திணைக்கே பெயர் தந்த மரம். 2001-ல் இந்திய மருத்துவர்கள் இதயநோயுள்ள 105 பேரிடம் செய்த ஆய்வில், பட்டைத்தூள் 500 மில்லிகிராம் உண்ட குழுவுக்கு ஒரு மாதத்தில் எல்.டி.எல். ஏறத்தாழ 16 சதவீதம் இறங்கியது. சிறிய ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் தொடர்ந்து பார்க்கத் தகுந்த தடயம். இருபது ஆண்டுக்கு மேலாகியும் அதை ஆயிரம் பேரிடம், சில ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க யாரும் முன்வராதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பட்டைக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதால் நிறுவனங்கள் வரமாட்டா. அரசு வரலாம். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, சென்னையில் மத்திய சித்த ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது, தர்மபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வேலை செய்யும் இயற்கைச் சரக்குகளும் உண்டு. அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். சீனத்துச் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் மொனாக்கோலின் கே என்ற பொருள் இருக்கிறது. அது லோவாஸ்டாட்டினேதான், அணுவுக்கு அணு ஒன்று. எனவே அந்தப் பொருள் போதிய அளவில் இருந்தால் அது கொலஸ்ட்ராலை இறக்குவதில் வியப்பில்லை. தசைவலி தருவதிலும் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில். 2010-ல் அமெரிக்கச் சந்தையின் 12 புட்டிகளைச் சோதித்தபோது ஒரு புட்டியின் மாத்திரையில் அந்தப் பொருள் 0.1 மில்லிகிராம், இன்னொரு புட்டியின் மாத்திரையில் 10 மில்லிகிராம். நான்கு புட்டிகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் நஞ்சும் இருந்தது. 2024 மார்ச்சில் ஜப்பானின் கோபயாஷி நிறுவனம் தன் சிவப்பு அரிசி மாத்திரைகளைத் திரும்பப் பெற்றது. உற்பத்தியில் கலந்த ஒரு நீலப் பூஞ்சையின் நஞ்சு பலருடைய சிறுநீரகத்தைப் பழுதாக்கியிருந்தது. ஒரே அரிசி, ஒரு பூஞ்சை மருந்து, மறு பூஞ்சை நஞ்சு. இடையில் நின்றிருக்க வேண்டியது அளவும் தரச் சோதனையும். நம் ஊரிலும் கொரோனா காலத்தில் சீந்திலைத் தொடர்ந்து உட்கொண்டவர்களில் ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சு இந்த இடத்தில் நின்றுபோக வேண்டும்.

மாத்திரைக்கும் உண்டு. செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் தசையைச் சிதைத்து உயிர்களைப் பறித்ததால் 2001-ல் உலகச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று உள்ளவற்றில் அத்தகைய சேதம் மிக அரிது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களில் சிலரை ஸ்டாட்டின் உள்ளே தள்ளிவிடும்; இதுவும் உண்மை. மாரடைப்பு ஆபத்து உள்ளவர்களுக்கு லாபமே மிஞ்சுகிறது என்பதால் மருத்துவர்கள் தொடர்ந்து தருகிறார்கள். கருவுற்றவர்கள் பொதுவாக நிறுத்திவிட வேண்டும். பம்பளிமாஸ் பழத்தை நிறைய உண்டால் சில ஸ்டாட்டின்களின் அளவு ரத்தத்தில் ஏறலாம். உடம்புவலிதான் பெரிய புகார். அதைப் பற்றி 2020-ல் லண்டனிலிருந்து ஓர் அழகான ஆய்வு வெளிவந்தது. வலி தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு ஓர் ஆண்டில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் வெறும் மாத்திரை, நான்கு மாதம் மாத்திரையே இல்லை. எந்த மாதம் எது வரும் என்ற வரிசையை மாற்றி மாற்றி வைத்தார்கள். தொல்லைக்கு அவர்கள் தந்த மதிப்பெண்: ஸ்டாட்டின் மாதங்களில் 16, வெறும் மாத்திரை மாதங்களில் 15, மாத்திரை இல்லாத மாதங்களில் 8. வலி உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு மாத்திரையை விழுங்குகிறோம் என்ற அச்சத்திலிருந்து வந்தது. தங்கள் எண்களைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப்பேர் மறுபடி மருந்துக்குத் திரும்பினார்கள். மருத்துவர்கள் அதட்டிச் சாதிக்காததை அந்த எண்கள் சாதித்தன.

மாத்திரையும் மூலிகையும் போட்டியிடும் பேச்சில் நாம் மறப்பது சோற்றை. டொரொண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் 2003-ல் 46 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு மாதம் சமைத்தே கொடுத்தார்: ஓட்ஸ், பார்லி, இசப்கோல், சோயா, பாதாம், தாவர ஸ்டீரால், வெண்டைக்காய், கத்தரிக்காய். எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாட்டின் உண்டவர்களுக்கு 30.9. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் ஒரு ஸ்டாட்டினின் பக்கத்தில் வந்து நின்றன! பின்னர் 2011-ல், சமைத்துத் தராமல் அறிவுரை மட்டும் சொல்லி ஆறு மாதம் பார்த்தபோது இறங்கியது 13, 14 சதவீதம்தான். வீட்டில் சமைக்கும்போது நாம் நம் நாவோடு சமரசம் செய்துகொள்கிறோம். ஆனாலும் அந்த 13 சிறிதல்ல.

வத்தல்மலை இந்த விஷயத்தில் நமக்குத் தருவது காட்டுப்பட்டை அல்ல, மேட்டுக்காட்டுச் சாமை. சிறுதானியங்கள் பற்றிய 19 ஆய்வுகளை இக்ரிசாட் தலைமையிலான குழு 2021-ல் தொகுத்துப் பார்த்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 8 சதவீதமும் எல்.டி.எல். கிட்டத்தட்ட 10 சதவீதமும் இறங்கியிருந்தன. ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: அதைத் தவிடு போகத் தீட்டாத சாமையிடம்தான் எதிர்பார்க்கலாம். இன்று கடையில் வெள்ளை வெளேரென்று வருவது நார் போன சாமை. மலை ஊர்கள் பலவற்றில் ரேஷன் அரிசி சாமையின் இடத்தைப் பிடித்துவிட்ட நிலையில், கீழே நகரத்தில் சாமையையே மருந்து விலை கொடுத்து வாங்குகிறோம்.

மலைக் காபிக்கும் ஒரு வார்த்தை. 1983-ல் நார்வேயின் ட்ரோம்சோ நகரில், காபி அதிகம் குடிப்பவர்களுக்குக் கொலஸ்ட்ரால் உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். தேடிப்போனபோது காபிக்கொட்டையின் எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் அகப்பட்டது. தூளைப் போட்டுக் கொதிக்கவிடும் காபியில் அது நிறைய இறங்குகிறது. தாள் வடிகட்டி அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. எண் ஏறியவர்கள் தூளைக் கொதிக்கவிடாமல் தாளில் வடித்துக் குடிப்பது நல்லது.

இவ்வளவையும் வைத்து யாருக்கு எது? எல்.டி.எல். சற்றே ஏறி, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு எதுவும் இல்லாதவருக்குச் சாமைக்கும் நடைக்கும் சில மாதம் அவகாசம் தரலாம். பிறகு ரத்தத்தைச் சோதித்து முடிவு செய்யலாம். எல்.டி.எல். 190-ஐத் தொட்டவருக்கோ, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கோ, ஸ்டென்ட் வைத்தவருக்கோ அந்த அவகாசம் இல்லை. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும். எந்தக் கஷாயமும் 160-ஐ 55-க்குக் கொண்டு வராது. “ஆயுசுக்கும் போடணுமாமே?” என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில்: ஆமாம், ஈரலும் ஆயுள் முழுக்கக் கொலஸ்ட்ராலைச் செய்துகொண்டே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, மீதி எட்டும் அடோர்வாஸ்டாட்டின். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வேண்டிய ஊருக்கு அந்த 14 மாத்திரைகளின் மதிப்பு சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. ஆனால் அது நெஞ்சு அடைத்த நாளுக்கான ஏற்பாடு. அதற்கு முந்தைய பத்து இருபது ஆண்டுகளுக்கு? 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. அந்த இரண்டையும் திண்ணையில் உட்கார்ந்தே அளந்துவிடலாம். கொலஸ்ட்ராலுக்கு வழக்கமாக ரத்தநாளத்தில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்த மாதிரிகள் மலையிறங்கிப் போவதற்கும், முடிவு மலையேறி வருவதற்கும் மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். மருதம்பட்டையைக் கேட்கிறவருக்கும் அந்த ஒரு எண் தெரிந்திருக்கும். ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவரின் அடோர்வாஸ்டாட்டினும், ரத்த அழுத்த மாத்திரை வரும் அதே பையில் மலையேறி வர வேண்டும்.